இரண்டாவது பிரேக்

"ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது" என்று மகள் ஆரம்பித்த உடனே அப்பாவின் வலது கால் தரையை அழுத்துகிறது.

"நிறுத்து. 'பெரிய' எங்க போச்சு?"

"எந்தப் பெரிய?"

"ஒரு பெரிய கரடின்னு போட்டிருக்கு. 'பெரிய'ங்கறத முழுங்கிட்ட. ரிவர்ஸ் எடு."

ஒன்பது வயது மகள் ரிவர்ஸ் எடுக்கிறாள். அந்த வீட்டில் ரிவர்ஸ் என்றால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவது. காற்புள்ளி வந்தால் 'ஸ்லோ'. முற்றுப்புள்ளி வந்தால் 'ஃபுல் பிரேக்'. புதுப் பத்தி தொடங்கும் முன் மூச்சை ஒருமுறை இழுத்து விட வேண்டும், அதற்கு 'இண்டிகேட்டர்' என்று பெயர். கோட்டு தைத்துக்கொள்ள ஆசைப்பட்ட அந்தக் கரடி திங்கட்கிழமை கிளம்பியது. வெள்ளிக்கிழமை ஆகியும் காட்டைத் தாண்டவில்லை. போகிற போக்கைப் பார்த்தால் அது தையல் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பிரேக் வாத்தியார்'. அவருடைய சின்ன வெள்ளைக் காரில், பயிற்சி வண்டிகளில் இருப்பதுபோல, பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் வாத்தியார் மிதித்து நிறுத்திவிடலாம். அந்த வண்டியில் ஏறியவர்கள் குனிந்து பார்த்தால் ஒரு விசேஷத்தைக் கவனிக்கலாம். ஓட்டுகிறவர் பக்கத்து பிரேக் கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருக்கும். வாத்தியார் பக்கத்து பிரேக்கின் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லிளிக்கும்.

ஒல்லியான ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஆயுள் முழுவதும் பக்கவாட்டில் பார்த்தே பழகிவிட்டதால் நேருக்கு நேர் நின்று பேசும்போதும் கழுத்து லேசாகத் திரும்பியே இருக்கும். பேருந்தில் போனால் ஓட்டுநருக்கு உதவியாக அவரும் மிதிப்பார். முடிவெட்டும் கடையில் கத்தி காதுப் பக்கம் வந்தால் மிதிப்பார். சாப்பிடும்போது மனைவி கரண்டியை இன்னொரு தரம் பாத்திரத்துக்குள் விட்டால் மேஜைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த அம்மாள் அதைப் 'போதும்' என்று புரிந்துகொண்டு கரண்டியை எடுத்துவிடுவார். பேசாமலே குடும்பம் நடத்துவது என்றால் இதுதான்.

அவரிடம் கற்றவர்கள் யாரும் ஓட்டுநர் தேர்வில் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. தேர்வின்போது பக்கத்தில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பார், அதனால் அவர்களுக்குக் கவலை இல்லை. உரிமம் கைக்கு வந்த பிறகுதான் வம்பு. அடுத்த தெருப் பல் டாக்டர் ஆசை ஆசையாகக் கார் வாங்கினார். பக்கத்து இருக்கையில் மச்சினரை உட்கார வைத்தால்தான் அவருக்குக் கை கால் ஓடுகிறது. மச்சினருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பாதி வழியில் தூங்கியும் விடுவார். இருந்தாலும் ஆள் வேண்டும். மச்சினர் ஊருக்குப் போயிருந்தால் டாக்டர் டாக்சியில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்.

நான் அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதுவது என் பிழைப்பு. ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டும் ஆசை வந்து அவரிடம் மாணவியாகச் சேர்ந்தேன். முதல் நாள் கியரைப் போட்டதும் வண்டி துள்ளிய துள்ளலில் அவர், "அஞ்சுல வளையாதது..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டார். மாடிப்படியில் பார்த்தால் என்னை 'அக்கா' என்பார். காருக்குள் கால் வைத்துவிட்டால் அதே அக்கா 'மேடம்' ஆகிவிடுவாள். மேடத்திடம் அக்காவுக்குக் காட்டும் தாட்சண்யம் எல்லாம் கிடையாது.

சாயங்கால வேளைகளில் நான் கீழே போவது அவருடைய மனைவியைப் பார்க்க. அந்த அம்மாள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார், ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. வீட்டில் உண்மையாகவே புத்தகம் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். பேருந்தில் படிப்பார், அடுப்படியில் நின்றபடி படிப்பார், துணி ஊறுகிற நேரத்தில் வாளி ஓரத்தில் உட்கார்ந்து படிப்பார். அவரும் நானும் நாவல்களை மாற்றிக்கொள்வோம். கொலைகாரன் யார் என்று தெரிகிற கட்டத்தில் எத்தனையோ முறை அவர் வீட்டுப் பால் பொங்கி வழிந்திருக்கிறது.

ஆனால் வாத்தியார் கணக்கில் இது படிப்பில் சேராது.

"அவ படிக்கறது கதைப் புக்கு மேடம்."

"குழந்தை படிக்கறதும் கதைதானே?"

"அது வேற. அது பயிற்சி. நீங்க மிரரப் பாருங்க."

பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வர வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறியே உண்டு. சும்மா சொல்லக் கூடாது, கைக்காசைப் போட்டு நல்ல நல்ல புத்தகங்களாக வாங்குகிறார். கடைக்குப் போனால் படங்களைப் பார்த்து, தாளைத் தடவி, தையல் பலமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, டயர் வாங்குவதுபோல வாங்குகிறார். வாங்கியதை வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரியும் செய்தார். அலமாரிக்குப் பூட்டு உண்டு. பூட்டின் சாவி அவருடைய கார்ச் சாவிக் கொத்தில் தொங்குகிறது. கார் வகுப்புக்குக் கிளம்பினால் நூலகமும் கூடவே கிளம்பிவிடும். பகலில் பிள்ளைகளுக்குப் படிக்கத் தோன்றினால் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு முதுகட்டைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஏன் பூட்டு என்று ஒருநாள் கேட்டேன். "தூசி போயிடும்ல" என்றார். எது எங்கே போகும் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

படித்து முடித்த பக்கத்துக்குக் கேள்விகள் உண்டு. கரடி எந்தப் பக்கம் திரும்பியது? திரும்பும் முன் நின்றதா? மரத்தடியில் எத்தனை முயல்கள்? கடைசியாக ஒரு கேள்வி வரும், அது வந்துவிட்டால் அன்றைய வதை முடிந்தது என்று பொருள்.

"சரி, இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது?"

மகள் யோசித்துப் பார்த்து, "கரடிக்குக் கோட்டு வேணும்னு தெரியுது" என்றாள்.

"அது சரி. நமக்கு என்ன தெரியுது?"

"நமக்கும் கோட்டு வேணும்னு."

அடுப்படியில் அவருடைய மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. பதில் தவறு என்பதால் அந்தப் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஓட்டப்பட்டது.

ஒருநாள் கார் வானொலியில் யாரோ ஒரு நிபுணர் பேசினார். பெற்றோர் படிப்பதைப் பார்த்தால் பிள்ளைகளும் படிப்பார்கள், சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுங்கள் என்றார். வாத்தியாருக்குச் சுரீரென்று உறைத்தது. அன்று மாலையே சாய்வு நாற்காலியை அலமாரிக்கு எதிரே இழுத்துப் போட்டு, தமக்குத் தெரிந்த ஒரே புத்தகமான சாலை விதிகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் எந்த வரியைச் சொன்னாலும் அடுத்த வரியைச் சொல்வார். மனப்பாடமான புத்தகத்தைப் படிக்கிறபோது என்ன நடக்குமோ அது நடந்தது. நான் போனபோது புத்தகம் அவர் முகத்தின்மேல் கவிழ்ந்து, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிபுணர் சொன்னது பொய்யில்லை, பிள்ளைகள் பார்த்ததைத்தான் செய்தார்கள். பெரியவள் கரடிக் கதையையும், அவளுடைய ஐந்து வயதுத் தங்கை ஒரு வண்ணப் படப் புத்தகத்தையும் முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பாயில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். சின்னவள் கூடுதல் சிரத்தையோடு குறட்டையும் விட்டாள்.

இவ்வளவையும் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியப் போகிறது என்று அந்த அம்மாளிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். குரங்கு நிஜமாகவே வந்து நின்றபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று வகுப்பில் வாத்தியாரின் கால் அசையவே இல்லை. நான் ஒரு குப்பைத் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமாக அது கண்ணில் படும் தூரத்திலேயே வண்டி குலுங்கி நின்றிருக்கும். நானும் அந்த நம்பிக்கையில் போய்க்கொண்டே இருந்தேன். கடைசி நேரத்தில், என் வாழ்க்கையில் முதல் முறையாக, நானே பிரேக்கை மிதித்தேன். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பெரிய பாப்பாவோட டீச்சர் கூப்பிட்டிருந்தாங்க மேடம்."

"என்னவாம்?"

"நல்லாப் படிக்கறாளாம். வகுப்புலயே தப்பில்லாமப் படிக்கறது இவதானாம். ஆனா ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிறுத்திட்டு, பக்கத்துல திரும்பிப் பாக்கறாளாம். பக்கத்துல செவுருதான் இருக்கு. செவுத்தப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டு, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போறாளாம். கூட இருக்கற புள்ளைங்க சிரிக்குதுங்களாம்."

அவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு தெருமுனையிலும் நான் செய்வதும் அதைத்தான்.

"கழுத்து வலியோ என்னவோன்னு டீச்சர் கேட்டாங்க. கண் டாக்டர்கிட்ட காட்டினேன். கண்ணு சரியா இருக்கு. காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, காது நல்லாத்தான் இருக்கு, வீட்ல யாராவது ரொம்பப் பேசுவாங்களான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் மனைவின்னு சொன்னேன்."

பிறகு அவரே சொன்னார். நேற்று மாலை புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது மகள் வாங்கிக்கொள்ளவில்லை. கோபப்படவில்லை, அழவும் இல்லை. "எனக்குப் படிக்கப் பிடிக்கலப்பா. இனிமே படிக்கல" என்று, வேறு யாரோ வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டாளாம்.

"நாள் பூரா பயந்தவங்க பக்கத்துலயே உக்காந்திருக்கேன் மேடம். அது என் பொழப்பு. வீட்லயும் ஒருத்தி என் பக்கத்துல பயந்துக்கிட்டு உக்காந்திருந்தான்னா..." என்றார். "நான் படிச்சது அந்த ரூல் புக்கு ஒண்ணுதான். அதுல யாரும் சந்தோஷமா எங்கயும் போறதில்ல. இவளாவது போகட்டும்னுதான் நெனச்சேன்."

அவரைக் கேலி செய்தே பழகிய எனக்கு அன்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு குழந்தை புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்வது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மனிதர் தம் கையாலேயே ஒரு கதவைத் திறக்கிறோம் என்று நினைத்துத் தள்ளித் தள்ளி, அதைச் சாத்திவிட்டார். அது அவருக்குத் தெரிந்தும் விட்டது.

தெரிந்தால் மட்டும் மனிதர் சும்மா இருப்பாரா? மறுநாளே சீர்திருத்தத்தில் இறங்கினார். பக்கத்தில் உட்காருவதுதானே தப்பு என்று மகளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டார். அவர் கெஞ்சியதற்கு இணங்கி அவள் ஒரு வரி படித்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாள் சமையலறைக்கு மாறினார். அவள் ஒரு வரி படித்து, சமையலறைப் பக்கம் திரும்பினாள். "என்னைப் பாக்காத, நான் இங்க இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் அப்போது கூடத்தில் இருந்தேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பத்திரிகையிலும் பதில் எழுத முடியாது.

அன்றுதான் அவருடைய மனைவி வாயைத் திறந்தார். காது டாக்டரிடம் சொல்லப்பட்டதற்கு மாறாக அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"நாங்க குழந்தைங்களுக்கு ஊசி குத்தறப்ப என்ன சொல்லுவோம் தெரியுமா? அங்க பாரு காக்கா, இங்க பாரு பூனைன்னு வேற எங்கயாவது பாக்கச் சொல்லுவோம். வலிக்கறது தெரியக் கூடாதுன்னு. நீங்க குத்தற எடத்தையே பாரு, குத்தற எடத்தையே பாருங்கறீங்க. எந்தக் குழந்தை கைய நீட்டும்?"

"நான் என்ன ஊசியா குத்தறேன்?"

"வரிக்கு ஒண்ணு."

வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது. அந்த அம்மாள் நிற்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த பிரேக் வேலை செய்யாமல் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "ஒரு மாசம் சாயங்காலம் வீட்டுக்குள்ள வராதீங்க. புள்ளைங்க என்ன பண்றாங்கன்னு கேக்காதீங்க. படிச்சா படிக்கட்டும், படிக்காட்டி போகட்டும்" என்றார். சொன்னதோடு விடவில்லை. இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, அலமாரியின் கண்ணாடிக் கதவுகள் இரண்டையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சாவி மட்டும் பழையபடி கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, திறக்கத்தான் எதுவும் இல்லை.

நாடு கடத்தப்பட்ட வாத்தியார் மாலை வேளைகளில் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தம் காரில் உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். அங்கேயும் பக்கத்து இருக்கையில்தான். கடை கண்ணிக்குப் போய்த் திரும்பும்போது பார்ப்பேன், ஓட்டுபவர் இல்லாத வண்டியில் அவர் மட்டும் விறைப்பாக முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மனைவிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"இப்ப படிக்கறாளா?"

"இல்ல."

"புக்கையாவது எடுத்தாளா?"

"ஃபோன வைங்க. மணி அடிக்கறப்பல்லாம் அவ திரும்பித் திரும்பிப் பாக்கறா."

மகள் புத்தகத்தை எடுக்கவில்லை. முதல் வாரம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. கதவில்லாத அலமாரி 'ஆ'வென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதைக் கொள்ளையடித்தது சின்னவள்தான். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆகவே புத்தகத்தின் மேல் பயமும் இல்லை. கெட்டி அட்டைப் புத்தகங்களைச் சுவராக நிறுத்தி, கரடிக் கதையை விரித்துக் கூரையாகப் போட்டு, பொம்மைகளுக்கு வீடு கட்டினாள். ஒருநாள் சாப்பிட வந்த வாத்தியார் அந்தக் கோலத்தைப் பார்த்தார். தையல் பார்த்து, தாள் தடவி வாங்கிய புத்தகம் முதுகு மடங்கித் தரையில் கிடக்கிறது. நெற்றி நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. மனைவி நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் வாயை மூடிக்கொண்டு, கூரையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்க் கை கழுவினார். மூன்று கவளத்துக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

"போச்சு அக்கா" என்றார் மாடிப்படியில் என்னிடம். "அவ அவ்வளவுதான். நான்தான் கெடுத்தேன்." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

போன சனிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பு. வகுப்புக்கு முன்னால் அவர் காரின் சன்னல்களை இறக்கிவிட்டுக் காற்றாட வைப்பது வழக்கம், முந்தைய மாணவர்களின் வியர்வை போக வேண்டும் என்பார். இருவரும் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்தோம். அவர் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். காருக்கு நாலடி இருக்கும்போது சட்டென்று நின்றுவிட்டார். நான் அவர் முதுகில் மோதிக்கொண்டேன்.

காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"...கரடி ஓடிச்சு ஓடிச்சு ஓடிச்சு, பஸ்ஸு வந்திருச்சு, டபக்குனு ஏறிருச்சு. கண்டக்டர் சொன்னாரு, ஏய் கரடி, உன் முடியெல்லாம் எல்லாரு மூஞ்சியிலயும் படுது, தள்ளி நில்லு அப்படின்னாரு."

ஓட்டுநர் இருக்கையில் சின்னவள், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து இருக்கையில் பெரியவள், முழங்காலை மடக்கி, அதன்மேல் முதுகு மடங்கிய அந்தக் கரடிக் கதையை வைத்துக்கொண்டு. தங்கைக்குக் கதை தெரிய வேண்டியிருந்தது போலும், அம்மா வேலைக்குப் போன நேரத்தில் அக்காவைத் தவிர படித்துக் காட்ட வீட்டில் வேறு நாதி இல்லை போலும். எப்போது தொடங்கியதோ, எத்தனை நாளாக நடக்கிறதோ, எங்கள் யாருக்கும் தெரியாது.

வாத்தியார் என் பக்கம் சாய்ந்தார். "புக்குல பஸ்ஸே கெடையாது" என்று கிசுகிசுத்தார். "கரடி நடந்துதான் போகும். எனக்குத் தெரியும்."

"டிக்கெட் எடுத்துச்சா?" என்று கேட்டாள் சின்னவள்.

"இரு, பாக்கறேன்." பெரியவள் பக்கத்தைப் புரட்டினாள். எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். "எடுத்துச்சு. அரை டிக்கெட்."

"ஏன் அரை டிக்கெட்?"

"அது... குட்டிக் கரடி."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். 'பெரிய கரடி' என்பதற்காக அந்த வீட்டில் எத்தனை ரிவர்ஸ் எடுக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். உள்ளே கதை எந்த முற்றுப்புள்ளியிலும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அச்சிட்ட வரி ஒன்று வரும், அதை அப்படியே படிப்பாள், அடுத்தது அவளுடைய வரியாக இருக்கும், எது எது என்று பிரிக்க முடியாது. நாலு சொல்லைத் தாவிப் போனாள். தையல்காரரைத் தையல்காரி ஆக்கினாள். ஓரிடத்தில் மட்டும் வரி முடிந்ததும் பழைய ஞாபகத்தில் நிறுத்தி, பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அங்கே சின்னவள், வாயைத் திறந்தபடி, "அப்புறம்?" என்றாள். பெரியவள் அவசரமாகக் குனிந்து அடுத்த வரியைத் தேடினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளி வாசலில் ஒரு பார்சல் வண்டி வந்து திரும்பியது. பெரிய வண்டி. உள்ளே வர வேண்டுமென்றால் வாத்தியாரின் கார் நகர்ந்தாக வேண்டும். ஓட்டுநர் கழுத்தை நீட்டிக் காரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், எடுங்கள் என்று கை காட்டினான். நாங்கள் அசையாததைக் கண்டு அவன் கை ஹார்ன் பக்கம் போனது.

வழியை மறிப்பவர்களை வாத்தியார் மன்னித்ததே இல்லை. அவசர வண்டிக்கு எப்படி ஒதுங்குவது என்பது அவர் முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம். அவர் சாவிக்கொத்தைச் சத்தம் போடாதபடி முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் ஓடினார். வண்டிக்கு நேர் முன்னால், முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றார். வலது கையை உயர்த்தி உள்ளங்கையை ஓட்டுநருக்குக் காட்டினார். முஷ்டியாக இருந்த இடது கையிலிருந்து ஒரு விரலை மட்டும் விடுவித்து உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

வண்டி குலுங்கி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டி, என்ன விஷயம் என்று கையால் கேட்டான். வாத்தியார் காரின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, உயர்த்திய கையை இறக்காமல் நின்றார்.